பக்கத்து சீட்டில் ஆள் இல்லை

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதிக் கதையில் எழுந்து என் வயிற்றில் புளியைக் கரைக்காதீர்கள்.

பேய் என்றால் நடுநிசியில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது தொடங்கியது பட்டப்பகலில். மணி இரண்டரை. ஈ காக்கை இல்லாத சாலை... இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஒரே ஒரு கார். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும்.

அந்த மனிதர், எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்து இரும்பு கடைகிற லேத்காரருடைய தங்கை புருஷன். கார் வயரிங் வேலை செய்பவர். நடந்ததை லேத்காரரே என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கடன் கேட்டால் மட்டும் சொல்வார்.

தங்கைக்குக் கார் என்றாலே குமட்டும். கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். அன்றைக்கும் அப்படித்தான், சீட்டில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாய் குறுக்கே ஓடியது. கார் பள்ளத்தில் உருண்டு, மறுபடி நாலு சக்கரத்தில் நின்றது. அவருக்குக் கீறல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. சீட் காலி. இன்ஜின் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் லேத்காரர் ஒரே பேச்சைத்தான் பேசினார்.

"சீட் பெல்ட்டைப் போடு, போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? அவ பிடிவாதமே அவளைக் கொண்டுபோயிடுச்சு."

பக்கத்தில் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.  அவர் நெஞ்சில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் மச்சானின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் பழி செத்தவள் தலையில். அவர் சொல்லவில்லை.

எட்டு மாதம் போனது. கார் பழைய இரும்புக் கடையில் கிடந்தது, நசுக்குகிற மெஷினுக்குக் காத்துக்கொண்டு. ஒருநாள் புருஷன் அதன் இன்ஜினை மட்டும் இறக்கி மச்சானின் லேத் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"ஜெனரேட்டருக்கு ஆகும் மச்சான். ஒரு ஸ்டாண்ட் அடிச்சுக் குடுங்க."

ஜெனரேட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கடைசியாகக் கேட்ட சத்தத்தை இன்னொரு தரம் கேட்கவேண்டும், அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பழைய கால இன்ஜின் என்றால் பெட்ரோலும் பொறியும் கொடுத்தால் ஓடிவிடும். இது கம்ப்யூட்டர் பெட்டி உத்தரவு போட்டால்தான் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜாதி. அதனால் காரின் வயர்க் கட்டு முழுவதையும் உருவிக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். இன்ஜினுக்கு வேண்டிய ஒவ்வொரு வயரிலும் காகிதம் ஒட்டி எழுதினார். மற்றவை, ஹெட்லைட், ஹாரன், கதவு, சீட் என்று எல்லாவற்றையும் வெட்டி ஒரு வாளியில் போட்டார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டரை மட்டும் விட்டுவைத்தார். அந்த வண்டியில், சாவிக்குள் இருக்கும் சிப்பை மீட்டர் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் பிடிக்கும். அவருடைய சாவி, அன்று வண்டியை அணைத்து உருவிய பிறகு, பள்ளத்தில் எங்கோ தொலைந்துபோனது. மிஞ்சியது அவளுடைய சாவி. அது அவளுடைய கைப்பையில், அண்ணன் வீட்டு பீரோவில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி. லேத்காரர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டறையில் அவர்கள் இரண்டு பேர்தான். இரும்பு ஸ்டாண்டில் இன்ஜின்... கீழே பேட்டரி... பெட்ரோல் கேனுக்குள் பம்ப். தங்கை புருஷன் சாவியைப் பாதி திருப்பினார். பம்ப் இரண்டு விநாடி "ம்ம்ம்ம்" என்று முனகி நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது.

ஸ்டாண்ட் ஒரு குலுங்கு குலுங்கி, சத்தம் மெல்ல இறங்கி நிதானத்துக்கு வந்தது. அதே சத்தம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ஆடியது. லேத்காரர் அவர் முதுகில் கையை வைத்தார்.

அப்போது...

டிங்.

டிங்... டிங்...

"என்ன மாப்பிள்ளை அது?"

அவர் மீட்டரைப் பார்த்தார். ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பி அணைத்தார். மறுபடி போட்டார். டிங்... டிங்... இப்போது கொஞ்சம் வேகமாக. வாளியைக் கவிழ்த்துத் தேடினார். சீட் வயர் வெட்டினபடியேதான் கிடந்தது.

"பக்கத்து சீட்ல ஆள் உக்காந்து பெல்ட் போடலைன்னா அடிக்கும் மச்சான்."

"சீட்டே இல்லையே."

பட்டறையில் பெட்ரோல் நாற்றம், சூடான ஆயில் நாற்றம். அதற்கு நடுவில் எலுமிச்சம்பழ வாசனை. லேசாக அல்ல. நகத்தால் அப்போதுதான் கீறின மாதிரி.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"முன்னெல்லாம் அவ பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் இருந்தா மச்சான். இந்த மணி அடிச்சா போதும், முனகிக்கிட்டே போட்டுக்குவா. ஒருநாள், கழுத்தை அறுக்குது, இந்த மணியை அடைச்சுத் தொலைங்களேன்னா. எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. சீட்டுக்கு அடியில ஒரு பிளக்கு... கழட்டி விட்டேன். அதுக்கப்புறம் அங்க ஆள் இருக்கிறதே வண்டிக்குத் தெரியாது. கெட்டிக்காரர்னு சிரிச்சா. அன்னையிலேருந்து பெல்ட்டையே மறந்துட்டா."

டிங்... டிங்... டிங்...

லேத்காரர் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருக்கும்.

"எட்டு மாசமா ஊரெல்லாம் அவளைத் திட்டினேனே. பக்கத்துலயே நின்னீங்களே மாப்பிள்ளை."

 லேத்காரர் ஸ்டாண்டுக்கு இடப் பக்கம் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தார். காரில் அவள் உட்காருகிற பக்கம் அது. 

"பாப்பா... உன் மேல தப்பு இல்லடா. அண்ணன் தெரியாம பேசிட்டேன்."

க்ளிக்.

பெல்ட் மாட்டுகிற சத்தம். இரண்டு பேரும் கேட்டார்கள். மணி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கேனில் பெட்ரோல் தீரும்வரை இருவரும் அதை அணைக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். லேத்காரருக்குத் தங்கை பாசம், ஏதோ கேட்டிருக்கும் என்று விட்டிருப்பேன்.

போன மாதம் மழையில் கடை வாசலில் நின்றிருந்தேன். தங்கை புருஷன் காரை நிறுத்தினார். வேறு கார், சின்னது, பழசு. முன்கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னாடி உக்காருங்கண்ணே," என்றார்.

நான் பின்னால் ஏறினேன். அவர் சாய்ந்து, பக்கத்து காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். க்ளிக். பிறகுதான் வண்டியை எடுத்தார்.

"பழகிப்போச்சு," என்றார், நான் கேட்காமலே.

பாவமாக இருந்தது. மனுஷன் இன்னும் மீளவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த பெல்ட்டையே பார்த்தேன். காலி சீட்டில் பெல்ட் ஒட்டித்தானே கிடக்கவேண்டும்? கிடக்கவில்லை. ஓர் ஆள் பருமனுக்கு முன்னால் தள்ளி நின்றது.

நெஞ்சு இருக்கும் இடத்தில் மெதுவாக மேலே ஏறியது... மெதுவாக இறங்கியது... மறுபடி ஏறியது.