ரோஜாச் செடியின் வண்டுகள்

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறியபோது பெட்டியில் இருந்தது நாலே பேர்: அண்ணியும் நாத்தனாருமான யாழ்ப்பாணத்து மச்சாள்மார் இருவர், தூங்கி வழிந்த ஒரு மாணவி, நான். இறங்கும் இடம் தப்பிவிடுமோ என்ற பயத்தில் கதவருகிலேயே உட்கார்ந்தேன்.

"வண்டுகளைப் பிடிச்சு, டப்பாவில போட்டுப் பார்க்கில விட்டிட்டு வாறன்," என்றார் மூத்தவர்.

"அதுகள் திரும்பி வந்திடும், மச்சாள்."

"வரும்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரைக்கும் செத்த வீட்டில ஒரு உயிரையும் கொல்லக் கூடாதெண்டு பெரியக்கா சொன்னவா."

"அதுவரைக்கும் ரோஜா தாங்காது. சோப்புத் தண்ணி வாளிக்குள்ள தட்டி விழுத்துங்கோ. அண்ணாவும் அப்பிடித்தானே செய்தவர்."

"ஓம். பொழுதுபட்டால் ரோஜாவடியிலதான் நிப்பார். கொலைகாரன் எண்டு நான் ஏசுவன். உனக்குப் பூ வேணுமோ, வண்டு வேணுமோ எண்டு கேப்பார்."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"அந்தப் பூவைத்தான் அவற்ற படத்துக்கு வைக்க நினைச்சனான். இலையெல்லாம் சல்லடையாப் போச்சு. ஒரு மொட்டுத்தான் மிச்சம்."

"நான் கலியாணம் கட்டிப் போனவள், எனக்குத் துடக்குத் தீட்டு ஒண்டுமில்லை. பாவம் என்னோட போகட்டும். பின்னேரம் வாறன், வாளியைக் கழுவி வையுங்கோ."

என் இடம் வந்துவிட்டது. கதவு திறக்கும்போது மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"பாவத்துக்கு நான் பயப்பிடேல்லை, பிள்ளை. அவர் கடைசியாக் கலக்கின சோப்புத் தண்ணி அந்த வாளிக்குள்ள அப்பிடியே கிடக்கு. அதை ஊத்த எனக்கு மனம் வரேல்லை."