தான்றியம்மை பொறுக்கணும்

பெண்சாதியின் துணியைத் துவைப்பதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. வித்துராவில் என்கூட மரத்தடி சுமக்கிறவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் பெயர் நேசையன். சொந்த இடம் பாறசாலைப் பக்கம். மரம் வெட்ட வந்து இங்கேயே தங்கிப்போனேன். எழுத்து எனக்கு நாற்பது வயது கடந்தபின் என் பெண்சாதி ராஜபாய் படிப்பித்தது, சபைப் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. அதனால் சாரே, நீங்கள் கேட்டதை நானே எழுதித் தருகிறேன்.

மகள் கல்யாணமாகிப் போனபிறகு ராஜபாய் ஹோம் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டணத்தில், கிழக்கேகோட்டையில் ஓர் அக்ரஹார வீடு. படுக்கையில் கிடக்கும் சாவித்ரி மாமியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கி வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்தால் திங்கள் காலை போய்விடுவாள். முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு குடை வாங்கினாள். அதுவரை எங்கள் வீட்டுக்கு ஒரே குடைதான். அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. பானையில் சோறு இருந்தது, விளம்பித் தர ஆள் இல்லை.

பிறகுதான் அவள் கையில் அந்தத் தடிப்பு வந்தது. சிவந்தது, கொப்பளித்தது, நீர் வடிந்தது. சொறிந்து சொறிந்தே தூக்கம் போயிற்று. இந்த மலையோரத்தில் யாருக்குச் சொறி வந்தாலும் முதல் சந்தேகம் சேரு மரத்தின் மேல்தான். அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். நிழலில் நடந்தாலே போதும் என்பவர்களும் உண்டு. அதற்குப் பரிகாரம் தான்றி மரம். "சேரப்பன் செய்தத தான்றியம்மை பொறுக்கணும்" என்று சொல்லி அதைச் சுற்றிவர வேண்டும். சபைக்குப் போகிற எங்களைப்போல வேதக்காரருக்கு அடுக்காத காரியம். ஆனாலும் கல்லாற்றங்கரைத் தான்றிக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள். அதன் பட்டையைக் கொதிக்கவைத்து நானே கழுவிவிட்டேன். வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டினேன். கல்யாணமான புதுசில்கூட நாங்கள் அப்படி இருந்ததில்லை.

ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது அவள் அழுதாள்.

"ஒங்களத் தனியா விட்டுட்டுப் போனேன்லியா, அதுக்குக் கர்த்தர் தந்த சிட்சையாக்கும் இது. எனக்கு மாப்பு தாருங்க."

பொறுத்தாச்சு என்று சொன்னேன். அந்தச் சொல்தான் இப்போது என்னை உறங்கவிடாமல் செய்கிறது. அன்றைக்கு நன்றாக உறங்கினேன்.

கை ஆறியதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு சனிக்கிழமை வந்து போனபின் மறுபடியும் தடிப்பு. பட்டணத்துத் தோல் டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார், கையுறையை விடச் சொன்னார், கவரிங் வளையலைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தும் பலனில்லை. அந்த வீட்டில் சமையலுக்கு நிற்கும் கௌசல்யா அவளைக் கேலி செய்திருக்கிறாள்: "சோப்புமில்ல கிளௌசுமில்ல சேச்சி, ஒங்களுக்கு சேட்டனாக்கும் அலர்ஜி." ராஜபாய் இதை என்னிடமே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லையாம். ஒரு மாதம் வீட்டுக்குப் போகாமல் இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவள் வரவில்லை. கை ஆறிவருகிறது என்று போனில் சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இனி மாசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்போல" என்றாள்.

சாரே, நான் மரம் வெட்டுகிறவன். சேரின் பாலை மேலே படாமல் எடுக்க எனக்குத் தெரியும். காய்ந்தால் அது கறுக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் முன்பு வீட்டில் அவள் கை துடைக்கவென்று கறுப்புத் தோர்த்து வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை கறுப்பு நைட்டி. துவைத்து, பாலைத் தேய்த்து, உலர்த்தி, மடித்து, பஸ்ஸில் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். கழுத்துப் பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

"இதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா" என்று கேட்டு, நைட்டியை முகத்தோடு சேர்த்து மணந்து பார்த்தாள்.

உடம்பு முழுவதும் வந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் என்று நினைக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை மூடியிருந்தார்கள். நைட்டியைப் பையில் கட்டி ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்தது அந்தத் தோல் டாக்டர்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். செய்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் தடித்த அன்றைக்கே அவளை என்னிடம் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள். அந்தச் சொறியை ஆற்ற என்னை விட்டால் வேறு யாருக்கும் தெரியாது.