நஜியா குடுத்துவச்ச சீட்டு

எங்க கம்ப்யூட்டர் கடை வைஃபைக்குப் பாஸ்வேர்டு கிடையாது, இம்தியாஸ் பாய். சிதம்பரம் கீழ வீதியில போற வர்ற பிள்ளைங்க எல்லாம் அதுலதான் படம் பாக்குது. பாத்துட்டுப் போவட்டுமேன்னு விட்டுட்டேன். உக்காருங்க. உங்க தங்கச்சி நஜியா என்கிட்ட சீட்டு எதுனா குடுத்து வச்சாங்களான்னு கேக்கத்தானே பரங்கிப்பேட்டையிலேருந்து வந்திருக்கீங்க? சொல்றேன்.

உங்க மச்சான் ரஃபியுதீனும் நானும் கடலூர்ல ஒண்ணா காலேஜ் படிச்சவங்க. விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல போடற லினக்ஸ் சிடியப் பையில போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி எறங்கினோம். காசு வேணாம், பூட்டு இல்ல, யாருக்கு வேணா காப்பி எடுத்துக் குடுக்கலாம்னு தொண்டை வத்தப் பேசுவோம். நல்லாருக்கு தம்பின்னுட்டு எல்லாரும் விண்டோஸையே போட்டுப்பாங்க. அப்புறம் ரஃபி துபாய் போனான். ஒரு லீவுல விண்டோஸ் லேப்டாப்போட வந்து, "வேலை ஆனா போதும் மச்சான், எது ஓடுனா என்ன"ன்னான். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

அவன் வீட்ல விட்டுட்டுப் போன அந்த லேப்டாப்லதான் நஜியா, உடம்பு முடியாம கெடந்தப்ப, மக அஸ்மத்துக்குக் கதை சொல்லிப் பதிஞ்சு வச்சாங்க. போன்ல வச்சா புள்ள அழிச்சிடும்னு பயம். வாங்கும்போதே அதுக்குள்ள ஒரு பூட்டு இருந்துச்சு. செட்டிங் எதுனா மாறினா நாப்பத்தெட்டு நம்பர் கேக்கும், அதைப் போடாம உள்ள எதையும் தெறக்க முடியாது. அத நான்தான் எடுத்து ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன். "வீட்ல வச்சா தொலைச்சிடுவேன், நீங்களே வச்சுக்குங்க இளவரசு அண்ணே"ன்னாங்க. ரஃபிக்கு இது தெரியாது.

அவுங்க மௌத்தான பிறகு ரஃபி துபாயை விட்டுட்டு ஊரோட வந்துட்டான். போன அக்டோபர்ல, பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு ரஃபி அதைத் தூக்கிட்டு வந்தான். இருக்கிறதை அப்படியே வச்சுட்டுப் பக்கத்துலயே லினக்ஸையும் போட்டுக் குடுக்கச் சொன்னான். போடறதுக்காக ஒரு செட்டிங்கை மாத்தினேன். நீலத் திரை வந்து நம்பரைக் கேட்டுச்சு. பூட்டு அது வேலையத்தான் பாத்துச்சு. அதுவரைக்கும் யார் மேலயும் தப்பில்ல.

"அவ குரல் உள்ள இருக்குடா"ன்னான். டிராயரைத் தெறந்தேன். சீட்டு மேலயே கெடந்துச்சு. அப்பதான் அவன் மேசையில தலைய வச்சுக்கிட்டு, "நீ அன்னிக்கே சொன்ன மச்சான். பூட்டுற பொருளை நம்பாதன்னு. நான்தான் கேக்கல"ன்னு அழுதான். எத்தினி வருஷம் கழிச்சு அவன் வாயால அந்த வார்த்தை! டிராயரைச் சாத்திட்டேன். மறுநாள் குடுத்துக்கலாம்னுதான்.

அடுத்த வாரம் கடலூர்ல வாத்தியாருங்க கூட்டம், லினக்ஸ் பத்திப் பேச அவனையும் கூட்டிட்டுப் போனேன். ரஃபி எழுந்து, விண்டோஸ் பூட்டுக்குள்ள பொண்டாட்டி குரலே போயிடுச்சுன்னு சொன்னான். டீச்சருங்க கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. ஒன்பது பள்ளிக்கூடம் லினக்ஸுக்கு மாறுச்சு. அப்புறம் போய்ச் சீட்ட நீட்டினா அவன் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா? அவன் மானத்தையும் நான் பாக்கணும் இல்லையா?

தை மாசம் திரும்ப வந்தான். "அஸ்மத் தெனம் இதைத் தூக்கிட்டு வந்து அம்மாவப் பேசச் சொல்லுதுடா. தாங்க முடியல. எல்லாத்தையும் அழிச்சிட்டு உன்னதையே போட்டுடு"ன்னுட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிட்டான்.

நம்பர் சரியான்னு ஒரு தடவை போட்டுப் பாத்தேன். தெறந்துச்சு. மொத்தம் முப்பத்தோரு கதை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மூச்சு வாங்கிக்கிட்டே பேசுறாங்க: "அஸ்மத் கண்ணு, அம்மா குரல் கேக்கலன்னா அழாத. இளவரசு மாமாகிட்ட போ. சாவி அவுருகிட்ட பத்திரமா இருக்கு."

காப்பியாவது எடுத்து வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. அடுத்தவங்க வீட்டுப் பேச்சைச் சொல்லாம காப்பி எடுக்கிறது என் வழக்கம் இல்ல. நிச்சயமா அழிக்கணுமான்னு திரையில கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். ரஃபி தொழுதுட்டு வர்றதுக்குள்ள லினக்ஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

இப்ப அவன் தெனம் கடைக்கு வர்றான். பழையபடி ஒண்ணா டீ குடிக்கிறோம். புள்ளதான் என்னைப் பாத்தா லேப்டாப்பை நீட்டுது.

இந்தாங்க சீட்டு. நாப்பத்தெட்டு நம்பரும் சரியா இருக்கு. எடுத்துட்டுப் போங்க, பாய். நான் எதையும் பூட்டி வைக்கிற ஆளு இல்ல.