டாக்டர் நீலாம்பாள் ஏந்திய சீர்த்தட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, நடவு வேலையை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் குடவாசல் வட்டாரத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மகப்பேறு மருத்துவர் நீலாம்பாளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்தியாளன், உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அந்த அம்மையார் மீது பொறாமை. உயிரோடு இருந்தபோதும் பொறாமை. இன்று இந்தக் கூட்டத்தைப் பார்த்தும் பொறாமை!

பதின்வயதுத் திருமணங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதினேன். "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்பார்கள். அடுத்த வாரமே பதினாறு வயது மகளின் கல்யாணப் பத்திரிகையை என் கையிலேயே கொடுப்பார்கள்!

டாக்டர் எழுதவில்லை. மஞ்சள் நீராட்டு விழாக்களுக்குப் போனார். தாய்மாமன் சீர் மேளத்தோடு வரும் வரிசையில் தானும் ஒரு தட்டை ஏந்தி நடந்தார், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு விழா. தாய்மாமன் தமிழரசன், அக்கா மகளுக்குத் தானே மாப்பிள்ளை என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். டாக்டரின் தட்டில் எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். அவற்றின் மேல் பச்சைக் குழந்தைக்கான ஒரு கம்பளித் தொப்பி.

"என்ன டாக்டரம்மா, இப்பவே தொப்பியா?" என்று ஒரு பெண் கேலி செய்தார்.

"பதினேழு வயசுப் பொண்ணு பெத்த புள்ளைக்கு வாங்குனதும்மா. எட்டாம் மாசமே பொறந்துடுச்சு. ஒன்றரை கிலோகூட இல்ல. இதைப் போடுறதுக்குள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கும் ரத்தம் பத்தல, பிரஷர் ஏறி வலிப்பு வந்து, பொழச்சதே பெரிசு. அவளே வளர்ற புள்ள. வயித்துல ஒண்ணு வந்தா, ரெண்டும் ஒரே சோத்துக்கு அடிச்சுக்கணும்."

மேளம் நின்றது. டாக்டர் மைக்கை வாங்கித் தமிழரசனிடம் நீட்டினார். "கல்யாணம் எப்பன்னு நீங்களே சொல்லுங்க மாப்ள."

"அது படிச்சு முடிக்கட்டுங்க. இருவத்தொண்ணு ஆவட்டும்."

"மைக்கு ஆன்ல இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அவர் மறுபடியும் உரக்கச் சொன்னார். மைக் முதலிலிருந்தே ஆனில்தான் இருந்தது!

என்னுடைய எந்தச் செய்தி இதைச் சாதித்தது? எந்தத் தலைப்பு ஒரு மாமனை ஊர் முன்னால் வாக்குக் கொடுக்க வைத்தது? பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

அந்தத் தமிழரசன் இங்கேதான் இருக்கிறார். டாக்டரின் உடலுக்கு முதல் மாலை போட்டவரும் அவர்தான். அவருடைய அக்கா மகளுக்கு இப்போது பதினாறு வயது. இவரோடுதான் தை மாதம் முகூர்த்தம் என்று பேச்சு நடக்கிறது. நேற்று அந்தப் பெண்ணின் தாய் என்னிடம் அழுதார்: "கேக்குறதுக்கு இருந்த டாக்டரம்மாவும் போயிட்டாங்களே சார்."

போய்விட்டாரா? தட்டு போகவில்லையே! அவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். தொப்பியும் அதில் இருக்கிறது. இனி இந்த வட்டாரத்தில் எங்கே சீர்வரிசை புறப்பட்டாலும் செவிலியர்களும் தாய்மார்களும் நானும் மாறி மாறி இதைச் சுமப்போம். அவர் கையில் தட்டுக்கு இருந்த களை என் கையில் வராது. அந்தப் பொறாமை என்னோடு இருக்கட்டும்.

தம்பி தமிழரசன், மேடைக்கு வாங்க. மைக் ஆன்லதான் இருக்கு.