சுவருக்கு அந்தப் பக்கம் கரண்ட் இருந்தது

“மெயினை ஆஃப் பண்ணு! தண்ணி போர்டுகிட்ட வந்துடுச்சு!”

பக்கத்து வீட்டு லோகு கத்துகிறான். அணைக்க வேண்டிய வேலையே இல்லை. தெரு முழுக்கக் கரண்ட் போகிறது. ஃபேன் நிற்கிறது. என் கணவரின் ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒருமுறை கூவுகிறது. அடங்குகிறது.

திருநின்றவூர். ஏரிக்குக் கீழே எங்கள் தெரு. கார்த்திகை மழை. விடிந்து கொஞ்ச நேரம்தான். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

அவர் பெயர் முருகேசன். பாடியில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் மண் சலிக்கும் வேலை. காண்ட்ராக்ட் ஆள். நிரந்தர ஆட்களுக்கு முகமூடி இருந்தது. வருடா வருடம் எக்ஸ்ரே இருந்தது. இவருக்கு மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு. மண் நுரையீரலில் போய் உட்கார்ந்தது. இருமல் வந்ததும் காண்ட்ராக்டர் வேறு ஆள் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வாடகை மெஷின்தான் இவருடைய மூச்சு.

உதடு கறுக்கிறது. லோகுவை அவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். ஓடுகிறேன்.

தெருக்கோடியில் சுவர். அடுக்குமாடிக்காரர்கள் எழுப்பியது. ஏரித் தண்ணீர் போன வாய்க்காலை அடைத்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போன குறுக்குவழியையும் அடைத்தது. அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். டடடடவென்று நிற்காத சத்தம். எல்லா ஜன்னலிலும் விளக்கு.

சுவரில் ஒரு சின்ன கேட் உண்டு. வேலைக்காரர்களுக்கு. தினமும் காலையில் அது எனக்குத் திறக்கும். உள்ளே இரண்டு வீட்டில் சமைத்தேன். அன்று பூட்டியிருந்தது.

காவலாளி டில்லி அண்ணன் அடுக்குமாடிச் சங்கத்தின் செக்ரட்டரியை போனில் கூப்பிட்டார். செக்ரட்டரி பால்கனிக்கு வந்தார். அவருக்கும் நான்தான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு ப்ளக்தான் கேட்டேன். ஒயரை நாங்களே இழுத்துக்கொள்கிறோம் என்றேன். மூச்சு நிற்கப்போகிறது என்றேன்.

“ஒருத்தருக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல.”

உள்ளே போனார். கண்ணாடிக் கதவு இழுபட்டது.

என் கணவரைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகவாவது போகிறோம் என்று டில்லி அண்ணனிடம் கெஞ்சினேன். அந்தப் பக்கம் மெயின் ரோடு. மேடு.

“சாவி எங்கிட்ட இல்லம்மா. மேல வாங்கி வச்சுகினாங்க.”

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

நாற்காலியில் அவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்குகிறோம். சுற்றுவழி. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறதாம். இங்கே வர அதற்கு வழியில்லை. இடுப்பளவு தண்ணீர். மார்பளவு. அவர் மூச்சு விசில் மாதிரி கேட்கிறது.

“பள்ளம் கீது! லெப்டுல வா!”

அவர் என் கையைப் பிடிக்கிறார்.

“சரசு. வுடாத.”

அவ்வளவுதான் சொன்னார். விசில் நின்றது. அப்போதும் ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கையை விடாதே என்றாரா, அவர்களை விடாதே என்றாரா, எனக்குத் தெரியாது. நான் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

உடம்பை மசூதி மாடியில் கிடத்தினோம். நான் அழவில்லை. லோகு வீட்டுக் கடப்பாரையை எடுத்தேன். மதியம். மழை விட்டிருந்தது. வாய்க்கால் இருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கேயே குத்தினேன். கைத்தோல் உரிந்தது. லோகு வாங்கிக் குத்தினான். பிறகு தெருவே வந்தது. கல் பெயர்ந்தது. சுவர் முனகியது.

“டில்லிண்ணே! மேல ஏறு! தண்ணி வருது!”

அவர் ஏறினார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கத்தினார். சுவர் சாய்ந்தது. எங்கள் தண்ணீர் அவர்களுடைய கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கியது. ஜெனரேட்டர் இருமியது. இரண்டு முறை. நின்றது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இன்றைக்கும் அந்த நிசப்தத்தை நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

கேஸ் போட்டார்கள். ஸ்டேஷனில் செக்ரட்டரி எதிரே உட்கார்ந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வாபஸ் வாங்குவதாக இன்ஸ்பெக்டர் மூலம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

“நான்தான் இடிச்சேன். நீ திரும்பக் கட்டு. நான் திரும்ப இடிப்பேன்.”

கேஸ் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன். செக்ரட்டரியும் வரவேண்டியிருக்கிறது. லீவு போட்டு, வெயிலில் நின்று. நிற்கட்டும்.

அந்தப் பக்கம் போனவை: ஒரு ஜெனரேட்டர். லிஃப்ட் மோட்டார். கீழ்த்தளத்தில் நின்ற கார்கள். இன்சூரன்ஸ் வந்துவிட்டது. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்தப் பக்கம் போனவை: என் சமையல் வேலை. தெருவில் பாதிப் பேரின் வேலை. பிள்ளைகளின் புத்தகங்கள். மூலை வீட்டுக் கைக்குழந்தை, வெள்ளம் வந்த நாலாம் நாள், வயிற்றுப்போக்கில். பெயர்கூட வைத்திருக்கவில்லை. லோகுவின் அம்மா அஞ்சலை, தண்ணீர் வடிந்தபின் வந்த காய்ச்சலில். முருகேசன், நாற்பத்தாறு வயது, ஒரு ப்ளக் இல்லாமல்.

மூன்று பேர்.