பிடிக்காதவரிடம் காட்டிய செய்தி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கும் வாசகர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டார வார இதழின் மறைந்த ஆசிரியர் அம்மையாரைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். என்னையா? போட்டிப் பத்திரிகைக்காரனையா? அவர் எனக்கு வைத்த பெயர் தெரியுமா உங்களுக்கு? ரிப்பன்காரர்! என் முதல் பக்கத்தில் வாராவாரம் யாராவது ரிப்பன் வெட்டிக்கொண்டு நிற்பாராம். நானும் சளைக்கவில்லை. அவரைக் குடைச்சல் அம்மா என்றேன்.

அந்தக் குடைச்சல் அம்மா ஒரு நாள் என் அலுவலகப் படியேறி வந்தார். கையில் அச்சுக்குப் போகவேண்டிய பக்கம். அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரை மாற்றுவதே இல்லை, நோயாளிகள் குளிர்ஜுரத்தோடு வீடு திரும்புகிறார்கள் என்ற செய்தி.

“படிச்சுட்டு எங்க ஓட்டைன்னு சொல்லுங்க, ரிப்பன்காரரே.”

“எங்கிட்ட எதுக்கும்மா?”

“உங்களுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே! உங்க கண்ணுக்கே தப்பு தெரியலைன்னா தைரியமாப் போடலாம்.”

அதுதான் ஐயா அவர் முறை! பெரிய செய்தி எதையும் தன்னைப் பிடிக்காத ஒருவரிடம் காட்டாமல் அவர் அச்சிட்டதில்லை. நானும் விடுவேனா? ஒரு நோயாளி சொன்ன தேதி ஒத்துவரவில்லை என்று பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே போய், அந்த நோயாளியை மறுபடி பார்த்து, திருத்திக்கொண்டு வந்தார்.

அந்தப் பிரிவின் நோயாளிகளில் அவருடைய கணவரும் ஒருவர். இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கிக்கொண்டே வீடு திரும்பியவர். “எழுதினா பிரிவையே மூடிடுவோம். அப்புறம் வீட்டுக்காரரை எங்க கூட்டிட்டுப் போவீங்க?” என்று மருத்துவமனை அதிகாரிகள் அம்மையாரிடம் கேட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் நேரே கணவரிடம் போய்க் கேட்டார்.

“போடு. பக்கத்துப் படுக்கைக்காரனும் நடுங்கிட்டுத்தான இருக்கான்?” என்றாராம் இவர்.

அதைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? இரண்டு பத்திரிகைகளும் ஒரே நாளில் ஒரே செய்தியை வெளியிட்டன. அந்த வாரமே மாரடைப்பு அம்மையாரைக் கொண்டுபோய்விட்டது. பாவி மாரடைப்பு! கேட்கிற ஆள் போயாயிற்று என்று சிலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். விட்டோமா? அவருடைய நிருபர் பெண்ணும் நானும் மாறிமாறிப் போய் மருத்துவமனை அலுவலக வாசலில் நின்றோம். பிரிவை மூடவில்லை, நண்பர்களே! ஃபில்டரை மாற்றிவிட்டார்கள்!

அம்மையாரின் பத்திரிகை நிற்காது. அந்த நிருபர் பெண் நடத்துவார், என் அச்சகத்தில் அச்சாகும். அவர் செய்தியை நான் சல்லடையில் சலிப்பேன், என் செய்தியை அவர் சலிப்பார். எங்கள் இருவருக்கும் கொஞ்சமும் ஒத்துப்போகாது. மிகவும் நல்லது! இந்த உரையையே அவரிடம் காட்டினேன். பாதியை அடித்துவிட்டு, “புகழ்ச்சியாவே இருக்கு, ஆதாரம் எங்க சார்?” என்கிறார்.

ஆதாரம் இதோ, முன்வரிசையில் இருக்கிறது அம்மா. புது ஃபில்டர் வந்தபின் அம்மையாரின் கணவருக்கு இன்றுதான் முதல் டயாலிசிஸ். முடித்துக்கொண்டு நேரே இங்கே வந்தார். நான் ஓடிப்போய், “போர்வை கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“போர்வையா? வேர்த்துக் கொட்டுதுய்யா. முதல்ல அந்த ஃபேனைப் போடச் சொல்லு!” என்றார்.