கராஜுக்கு அடிச்ச கண்ணாடிப் பஞ்சு

கண்ணாடிப் பஞ்சு பிடிச்ச கையைச் சுடுதண்ணியிலை கழுவக்கூடாது. பச்சைத்தண்ணியிலைதான் கழுவவேணும், இல்லாட்டிக் கடி தாங்கேலாது. இது எனக்குத் தெரியாது. பஞ்சு வந்த பையிலை எழுதிக் கிடந்ததை யோன்தான் வாசிச்சுச் சொன்னவன்.

நீங்கள் கேக்கிறபடியால் ஒண்டும் விடாமல் சொல்லுறன், நீதவான் ஐயா. தமிழிலையே சொல்லுறன், உங்கடை மொழிபெயர்ப்பாளர் எழுதட்டும்.

பாரிசிலை எங்கடை சனம் கூடுற லா சப்பலிலை வரதராசா எண்டால் என்னைத் தெரியாத ஆள் இல்லை. நான் எழுபத்தொன்பதிலையே வந்தனான். பிறகு வந்த ஆக்களுக்குப் பிரெஞ்சிலை ஒரு சொல்லும் தெரியாது. விசா குடுக்கிற கந்தோர், ப்ரெபெக்தூரிலையிருந்து கடிதம் வந்தால் உடைக்காமல் என்னட்டைத்தான் கொண்டு வருவினம். நான் வாசிச்சு முடியுமட்டும் வாயைப் பாத்துக்கொண்டு நிப்பினம். அந்த மரியாதை ஒண்டே எனக்குக் காணும்.

யோன் குருநகர்ப் பெடியன், இருபத்தாறு வயசு. படுக்க இடமில்லாமல் நிண்டவனை என்ரை முத்தத்துக் கராஜிலை நான்தான் விட்டனான். ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிக்கொண்டே எட்டு மாசத்திலை பிரெஞ்சு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

என்னட்டைக் கடிதம் கொண்டு வாற ஆக்களிலை ஜெகதீஸ்வரியும் ஒராள். எண்பத்தேழு தை மாசம் அவ தன்ரை கடிதத்தை யோனுக்குக் காட்டியிருக்கிறா. புருசனையும் பிள்ளையையும் கொழும்பிலையிருந்து கூப்பிடக் கேட்டதுக்கு வந்த பதில். மறுத்திட்டாங்கள் எண்டு ஐப்பசியிலை நான் சொல்ல, அவ அழுதழுது மடிச்சு வைச்ச கடிதம். உண்மையிலை அதிலை கிடந்தது வேறை. பிள்ளையின்ரை பிறப்புப் பத்திரம் குறையுது, மூண்டு மாசத்துக்குள்ளை அனுப்பவேணும், அவ்வளவுதான். அந்தப் பத்திரம் அவவின்ரை கைப்பையிலையே இருந்தது. நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீட்டு நீட்டு வசனம், அரைவாசி விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வாய் எழும்பேல்லை.

யோன் அவவிட்டை ஒண்டும் சொல்லேல்லை. மூத்த ஆளை விட்டிட்டுத் தான் சொல்லுறது முறையில்லையாம். என்னட்டை வந்து, "அண்ணை, பிழை எல்லாரும் விடுறதுதானே. ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவவிட்டைச் சொல்லிப்போடுங்கோ. நான் வாயே திறக்க மாட்டன்," எண்டான்.

அவன் ஏசியிருந்தால் பொறுத்திருப்பன். அப்பிடித் தன்மையாச் சொன்னதைத்தான் என்னாலை பொறுக்கேலாமல் போச்சு. ஒரு கடிதம் பிழையெண்டால் நாளைக்கு ஊரே தன்ரை பழைய கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அவனட்டைப் போகும்.

அந்தக் கிழமை பொல்லாத குளிர். கராஜுக்குப் பஞ்சு அடிப்பம் எண்டன். அவனுக்குச் சரியான சந்தோசம். சனிக்கிழமை காலமை தொடங்கி ரெண்டுபேருமாச் சுவரிலை மரச்சட்டம் அடிச்சு, இடையிலை பஞ்சை வைச்சு, மேலை பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டினம். கதவடி வெடிப்பையும் அடைச்சம். சுவரடியிலை காத்துப்போற ஓட்டை ஒண்டு கிடந்தது. அதைச் சுத்திப் பஞ்சை வடிவா வெட்டிவிட்டான்.

"இதை மட்டும் மூடக்கூடாது, அண்ணை. மண்ணெண்ணெய் அடுப்பு எரியிற இடம். காத்து நஞ்சாப் போயிடும்."

நான் ஓம் எண்டன். அவன் கை கழுவப் போன நேரம், மிஞ்சின பஞ்சை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கத்தாலை போய் அந்த ஓட்டையை இறுக்கி அடைச்சன். ரெண்டு நிமிசம் பிடிக்கேல்லை. பிறகு வந்து அடுப்பையும் மூட்டிக் குடுத்தன்.

ஞாயிறு காலமை தேத்தண்ணியோடை போய்க் கதவைத் திறந்தன். அவன் குறண்டாமல் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தான். பாரிசிலை ஒரு நாளாவது சூடாப் படுத்தானே எண்டு எனக்கு ஆறுதலாத்தான் இருந்தது. வெளியிலை அடைச்சதை இழுத்தெடுத்து உள்பக்கத்தாலை வைச்சன். பொலிஸ் வந்து, காத்தோட்டையை மூடக்கூடாது எண்டு பஞ்சுப் பையிலை இவ்வளவு பெரிசா எழுதியிருக்க ஏன் மூடினவன் எண்டு கேட்டது. பாவம், அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது எண்டன்.

அடக்கம் முடிஞ்சு வரேக்கை ஜெகதீஸ்வரி அந்தக் கடிதத்தை நீட்டினா. "யோன் இதைப்பற்றி உங்களோடை கதைக்கோணும் எண்டவன், அண்ணை. என்னெண்டு சொல்லேல்லை. திரும்ப ஒருக்காப் பாருங்கோ."

தவணை முடிய இன்னும் எட்டு நாள் கிடந்தது. இந்த முறை அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லா வாசிச்சன். எல்லாம் விளங்கிச்சுது. மடிச்சு அவவின்ரை கையிலை குடுத்து, "நான் முந்திச் சொன்னதுதான், தங்கச்சி," எண்டன்.